படிக்கலாம், மாற்றலாம்

மார்ச் 3, செவ்வாய்

அப்பா இன்றும் கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டார். இந்த வாரத்தில் இரண்டாவது முறை. "இந்த நிலைக்கு என் மேல என்னமோ கோவம்" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

பாடநூல் பதிப்பகத்திலிருந்து அப்பா திருத்திக் கொடுத்த ஒரு கட்டு திரும்பி வந்திருக்கிறது. ஒரே பக்கத்தில் மூன்று பிழைகளை விட்டிருக்கிறாராம். இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவர். சோப்பு உறையைக்கூடப் பேனாவோடு படிக்கிறவர்.

"கண் சொட்டு மருந்து ஒழுங்காப் போட்டுக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"ம்."

கண் அழுத்தம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தினம் இரண்டு வேளை, இரண்டு கண்ணிலும். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியே ரொம்ப நாளாகிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

அலமாரியில் அந்தச் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தேன். கடைச் சீட்டில் வாங்கிய மாதம் நவம்பர் என்று இருக்கிறது. முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் மூன்று மாத்திரை டப்பாக்கள், பழுப்பு நிறத்தில். இரண்டு காலி. எந்த டாக்டரும் எழுதிக்கொடுக்காதவை.

அம்மாவிடம் காட்டினேன். "நாளைக்கே ஆஸ்பத்திரி" என்றாள்.

மார்ச் 6, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா நல்லவர். நல்லவர்கள் கெட்ட செய்தியை மெதுவாகச் சொல்கிறார்கள். அதனால் அது இன்னும் நீளமாகிறது.

"வலது கண்ல ஓரப் பார்வை போயாச்சுங்க. நடுவுல கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதுவும் நிக்கும்னு சொல்ல முடியல. போனது திரும்பாது. இடது கண்ணைக் காப்பாத்தலாம். ஆனா இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

அப்பா தலையை ஆட்டினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "போட மாட்டேன்" என்றார்.

"என்னப்பா சொல்றீங்க?"

"அந்தச் சொட்டுதான் கண்ணைக் கெடுக்குது. நான் படிச்சுட்டுத்தான் சொல்றேன். ஒரு இடத்துல இல்ல, பத்து இடத்துல போட்டிருக்கான். மாத்திரை வேலை செய்ய ஆறு மாசம் ஆகும், நடுவுல கொஞ்சம் மங்கலாத் தெரியும்னும் போட்டிருக்கான். அத்தனை பக்கத்துலயும் ஒரு எழுத்துப்பிழை கிடையாது, தெரியுமா? பொய் சொல்றவன் இவ்வளவு சுத்தமா எழுத மாட்டான்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்கப்பாவுக்கு ஒருத்தன் பிழையில்லாம எழுதினாப் போதும், பொண்ணையே கட்டிக் குடுத்துடுவாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

மார்ச் 7, சனி

ஆபீசில் அரை நாள். அங்கே கம்ப்யூட்டரில் அப்பா தேடிய சொற்களையே தேடினேன். அவர் சொன்ன பக்கங்களில் ஒன்றுகூட வரவில்லை. எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்து முன்னறைக் கம்ப்யூட்டரில் அதே சொற்களை அடித்தேன். முதல் பக்கம் முழுக்க அந்த மாத்திரை. "சொட்டு மருந்து செய்யும் துரோகம்." "நான் எப்படி மீண்டேன்: ஓர் ஆசிரியரின் கதை." தமிழ் நிஜமாகவே நன்றாக இருந்தது.

திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது: "இன்று உங்கள் கண்கள் எப்படி இருக்கின்றன?"

அப்பா பின்னாலிருந்து, "பாத்தியா, தினமும் விசாரிக்குது" என்றார்.

நாங்கள் விசாரிக்கவில்லை. அது விசாரித்திருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். இங்கேயாவது.

அப்பா குளிக்கப் போனதும் பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலைத் திறந்தேன். மூன்று இருந்தன. இரண்டு அப்பாவின் வேலைக்கானவை. மூன்றாவதன் சின்னம், திறந்து வைத்த புத்தகம்.

அதை எனக்குத் தெரியும். அதைப் போட்டது நான்.

அக்டோபரில். எங்கும் கிடைக்காத ஒரு மொழிபெயர்ப்பு நாவல். ஒரு தளம், இந்த எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால் இலவசமாக இறக்கலாம் என்றது. என் லேப்டாப் பழுதுக்குப் போயிருந்ததால் அப்பாவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஒரு பெட்டி வந்தது, அதில் ஏதோ எழுதியிருந்தது. 'சேர்' என்பதை அழுத்தினேன். இன்னொரு பெட்டி. 'அடுத்து', 'அடுத்து', 'முடி'. நாவல் இறங்கவே இல்லை. மறந்துபோனேன்.

இன்று அந்த எழுத்தைத் தேடிப் படித்தேன். "எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் எல்லாத் தரவையும் இது படிக்கலாம், மாற்றலாம்."

ஒளிக்கவில்லை. சொல்லிவிட்டுத்தான் செய்திருக்கிறது. முன்னுரை, அடிக்குறிப்பு, பதிப்பாளர் முகவரி வரை படிக்கிறவள் நான். ஒரே ஒரு வரியைப் படிக்கவில்லை.

அதை நீக்கினேன். வெளியே வந்து, "கம்ப்யூட்டரைக் கொஞ்சம் சுத்தம் பண்ணினேன்பா" என்றேன். சாதாரணக் குரலில் சொல்ல எப்படி முடிந்தது?

மார்ச் 9, திங்கள்

திரும்ப வந்துவிட்டது.

காலையில் அப்பா கம்ப்யூட்டரைப் போட்டதும் அதே புத்தகச் சின்னம். இந்த முறை 'நீக்கு' பொத்தானே இல்லை. மேலே ஒரு வரி: "உங்கள் பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது." எங்கள் வீட்டில் ஏது நிறுவனம்?

ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற, நாங்கள் 'வயர் அக்கா' என்று கூப்பிடுகிற அக்காவிடம் கேட்டேன். தோழி வீட்டுக் கம்ப்யூட்டர் என்று சொன்னேன். அக்கா மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள்.

"எக்ஸ்டென்ஷனை மட்டும் எடுத்தியா? அது வெறும் முகம்டி. கூடவே ஒரு ப்ரோக்ராம் இறங்கியிருக்கும், அதுதான் திரும்பத் திரும்பக் கொண்டாந்து போடுது. முதல்ல நெட்டைப் பிடுங்கு. ப்ரோக்ராம் பட்டியலைத் தேதி வாரியா அடுக்கு. அதே நாள்ல வந்த, உனக்குத் தெரியாத ஆளை எடு. ரீஸ்டார்ட் பண்ணு. அப்புறம்தான் எக்ஸ்டென்ஷன். தேடுற பக்கத்தைப் பழையபடி மாத்து. மூலையில எட்டிப் பாக்குற பெட்டிக்குக் குடுத்த அனுமதியையும் எடு. அக்கவுன்ட்ல சிங்க்கை நிறுத்திடு, இல்லேன்னா அங்கேர்ந்து மறுபடி இறங்கும். பாஸ்வேர்டு எல்லாத்தையும் வேற மெஷின்லேர்ந்து மாத்து. எப்படி எடுக்கறதுன்னு அதே கம்ப்யூட்டர்ல தேடி, அது காட்டுற க்ளீனர் எதையாவது இறக்கி வெச்சுடாதே. அது இதுக்கு அண்ணன்."

எழுதிக்கொண்டேன்.

"யாரு போட்டாங்களாம் இதை?"

"தெரியலக்கா."

"யாருமே போட்டிருக்க மாட்டாங்க, எப்பவும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மேஜைக்கு அடியில் போனாள்.

மார்ச் 10, செவ்வாய்

லீவு போட்டேன். அப்பாவை அம்மா பதிப்பகத்துக்குக் கூட்டிப் போயிருந்தாள், திருத்தாமல் மிச்சமிருந்த கட்டுகளைத் திருப்பிக் கொடுக்க.

நெட் ஒயரைப் பிடுங்கினேன். பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கினேன். அக்டோபர் 19. அன்று வந்தது ஒரே ப்ரோக்ராம் என்று நினைத்தேன், இருந்தது இரண்டு.

நீக்கும் முன் நின்றேன். இது போய்விட்டால் தேதியும் போய்விடும். பதிப்பகத்துக்காரர்கள் ஏதோ போட்டுவிட்டார்கள் என்று அப்பாவே சொல்லிக்கொள்வார். 'நிறுவனம்' என்று திரையே சொல்கிறதே. யாருக்கும் தெரியாது. பாதுகாப்பாக நீக்குவது என்றால் யாருடைய பாதுகாப்பு?

போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். யாரிடம் காட்ட என்று தெரியாமலே.

பிறகு வரிசையாக எல்லாம். இரண்டு முறை மூடித் திறந்தேன். அந்த 'நிறுவனம்' வரி போய்விட்டது. மூலையில் எதுவும் எழும்பவில்லை. தேடினேன்: சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள், நிறுத்தாதீர்கள், நிறுத்தாதீர்கள்.

மார்ச் 11, புதன்

டாக்டரம்மா சொல்லி ஐந்து நாள். இடது கண்ணில் இன்னும் ஒரு சொட்டு விழவில்லை.

மார்ச் 12, வியாழன்

காலையில் அப்பாவை உட்கார வைத்து, அவரையே தேடச் சொன்னேன். அவரே அடித்தார். முதல் பக்கம் முழுக்க ஆஸ்பத்திரிகள். மூக்கு திரையில் படுகிற அளவு குனிந்து படித்தார். நிமிர்ந்தார்.

"நீ எதையோ மாத்தியிருக்கே."

"இல்லப்பா, முன்னாடி இருந்ததுதான் மாத்தினது."

"போன வாரம் வரைக்கும் ஒண்ணு சொல்லிச்சு. நீ 'சுத்தம்' பண்ணினே, இப்போ வேற சொல்லுது. டாக்டரும் நீயும் உங்கம்மாவும் பேசி வெச்சுக்கிட்டு…" திரையை விரலால் தட்டினார். "எதை நம்பறது நான்? யாருகிட்ட கேக்கறது?"

வெறும் திரையைக் காட்டி இவரை நம்ப வைக்க முடியாது. அது ஏன் பொய் சொன்னது என்று சொல்ல வேண்டும். எப்படி வந்தது என்று சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. நேற்று வரை வேறு வழி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனில் இருந்த படத்தை எடுத்து அவருடைய இடது பக்கம் நீட்டினேன். "நான்தான்பா போட்டேன். அக்டோபர்ல. ஒரு புத்தகத்துக்காக."

எல்லாவற்றையும் சொன்னேன். அது பக்கங்களை எப்படி மாற்றியது, அவர் கண்ணைப் பற்றித் தேடியதும் எப்படி அந்த மாத்திரைக்காரனையே கொண்டுவந்து நிறுத்தியது, எல்லாம். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"போடறதுக்கு முன்னாடி அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"படிக்கலப்பா."

"நீ?"

திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். பிறகு, என்னிடம் அல்ல, அடுக்களைப் பக்கம் திரும்பி,

"ஏய், ஆஸ்பத்திரில குடுத்த அந்தப் புதுக் குப்பி எங்க இருக்கு?"

அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். குப்பியோடு வந்தாள். என்னைப் பார்க்காமல் என்னைக் கடந்து போனாள்.

மார்ச் 13, வெள்ளி

காலை ஒன்று, மாலை ஒன்று. என்னோடு யாரும் பேசவில்லை. சொட்டு விழுகிறது, அது போதும். அது போதுமா?

மார்ச் 29, ஞாயிறு

வலது கண்ணின் நடுப்பகுதியும் போய்விட்டது. அப்பா அதை எங்களிடம் சொல்லவில்லை. செய்தித்தாளை இடது பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

ஏப்ரல் 11, சனி

இடது கண்ணில் அழுத்தம் இறங்கியிருக்கிறது. "இப்படியே போனா இது நிக்கும்" என்றார் டாக்டரம்மா. பதிப்பகத்து வேலை போனது போனதுதான்.

இன்று புதுக் குப்பி. அம்மா கோயிலுக்கோ கடைக்கோ எங்கோ போயிருந்தாள், வேளை ஆகிவிட்டது. அப்பா என்னைக் கூப்பிட்டார். ஒரு மாதத்தில் முதல் முறை.

மூடியைத் திருகினேன். கையை நீட்டித் தடுத்தார்.

"படி."

"அதே மருந்துதான்பா. போன மாசம் போட்டதேதான்."

"அப்படின்னு யாரு சொன்னா? படி."

படித்தேன். பெயர், அளவு, தயாரித்த மாதம், காலாவதி. குளிர்ந்த இடத்தில் வைக்கவும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். நிறுத்திவிட்டேன்.

"இன்னும் இருக்கு" என்றார்.

பின்பக்கம் திருப்பினேன். எறும்பு மாதிரி எழுத்து. திறந்து முப்பது நாளுக்குப் பின் பயன்படுத்த வேண்டாம். தயாரித்தவர் முகவரி. தெருவின் எண். கடைசிச் சொல் வரை.

அதுவரை இடது கண்ணை மூடியே வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, அதைத் திறந்தார்.