அத்தை வைத்த கஞ்சி

நெய்வேலி,
நவம்பர் 1982

அன்புள்ள அம்மாவுக்கு, பரமசிவம் வணங்கி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? எனக்கு மலேரியா வந்து குணமாகிவிட்டது, பயப்படாதீர்கள். மாத்திரை போட்டதும் ஒன்றுக்குக் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று, அவ்வளவுதான்.

"பொறப்புலயே உங்க ரத்தம் அப்படிங்க. மலேரியாவைக் கொஞ்சம் தடுக்கும், ஆனா இந்த மாத்திரையைத் தாங்காது. அம்மா வழியா வர்றது. தாய்மாமனுக்கு இப்படி ஆச்சுங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

உங்கள் தம்பி சோமு மாமாவும் மலேரியா மாத்திரை தின்று, ஒன்றுக்குக் கறுப்பாய்ப் போய்த்தானே செத்தார்? கஞ்சியில் விஷம் வைத்துவிட்டாள் என்று அவர் மனைவி பொன்னம்மாள் அத்தையைத் துரத்தினோமே, அம்மா!

ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். அதற்கு முன்னால் அத்தை வீட்டுக்குப் போங்கள். அவர் கையால் ஒரு வாய் கஞ்சி கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

பரமசிவம்