பட்டியலில் என் பெயர்

அன்பானவருக்கு,

வெனிசுவேலாவில் எண்ணெய்க் கிணற்று வேலை எப்படிப் போகிறது? எனக்கு இங்கே ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தையே இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நம் டிரினிடாடில் முதல் தேர்தல் வருகிறது. கவர்னர் சபைக்கு ஏழு பேரை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாமாம். சொத்து இருந்தால்தான் ஓட்டு. எனக்கு அத்தை எழுதிவைத்த வீடு இருக்கிறது. ஆனால் ஆணுக்கு இருபத்தொரு வயது போதும், பெண்ணுக்கு முப்பது நிரம்பியிருக்க வேண்டுமாம். பைபிளில் கை வைத்து, பெயர் பதியும் குமாஸ்தாவிடம் வயதைச் சொன்னேன்.

நேற்று காவல் நிலையக் கதவில் வாக்காளர் பட்டியலை ஒட்டினார்கள். அதில் என் பெயரைப் பார்த்த பக்கத்து வீட்டு யூலாலி, "போன கார்னிவலுக்கு இருபத்தேழுன்னியே, அதுக்குள்ள முப்பது தாண்டிட்டியாடி?" என்று தெருவே கேட்கச் சிரித்தாள். அவள் அண்ணன் அடுத்த கப்பலில் அங்கே வருகிறான்.

பெயரை அடித்துவிடச் சொல்லிக் குமாஸ்தாவிடம் ஓடினேன். "அடிச்சிடறேன். இந்தத் தெருவுல ஓட்டு இருக்கிற பொம்பளை நீ ஒருத்திதான்," என்று பேனாவை எடுத்தார். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

"உன்னைவிட ரெண்டு வயசு பெரியவன் சொல்றேன், கேளு" என்று நீங்கள் அதட்டும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். சனிக்கிழமை ஓட்டுப் போடப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்களைவிட நான்கு வயது மூத்த
உங்கள் மனைவி