சராசரியில் மிஞ்சிய அரை ஆள்

சேக்காட்டுச் சக்கரவர்த்தியும் என் தங்கை கலாவின் கணவனுமாகிய என் அருமை மாப்ளே,

அங்கே எப்படி இருக்கிறாய்? போன இடத்திலும் கதவு கதவாகத் தட்டி, "வணக்கம்ங்க, ஒரு சின்ன சர்வே" என்று தேவர்களின் மதியத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பாய். இந்திரன் பின்வாசல் வழியாக ஓடியிருப்பான். ஆவடியில் உன் கேள்விக்குத் தப்பியது தண்டவாளத்தில் நின்ற கூட்ஸ் வண்டி மட்டும்தான்.

போன வாரம் உன் வீட்டுக்கே சர்வே வந்தது. முதல் கேள்விக்கே உன் கலா ஒரு பதில் சொன்னாள் பார்! அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் எதையும் பின்னணி இல்லாமல் கேட்கமாட்டாயே நீ!

ஆராய்ச்சி நிறுவனத்துக்காக நசரத்பேட்டை முதல் நெமிலிச்சேரி வரை நாம் தேய்த்த செருப்புகளை அடுக்கினால் இமயமலை வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடும். அலுவலகத்தில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதன் முறை வரும்வரை காத்திருக்க உனக்கு ஏது பொறுமை? உன் வீட்டுக் கூடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டாய். குறுக்கே தொழில், நெடுக்கே குடும்ப அளவு. ஒரு குடும்பத்துக்கு ஒரு புளியங்கொட்டை. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர்கள் ஒரு பக்கம், பழைய விவசாயக் குடும்பங்கள் மறுபக்கம். "எந்தக் கட்டத்துல கொட்டை குவியுதோ, அங்கதான் மச்சான் விஷயம் கீது" என்பாய். முட்டி போட்டு அந்தக் குவியல்களைப் பார்க்கையில், வானத்திலிருந்து ஊரைப் பார்ப்பதுபோல இருக்கும்.

ஒருநாள் கலா விளக்குமாற்றோடு வந்தாள். ஒரே வீச்சு. அன்று கட்டத்தில் இருந்த பூந்தமல்லி காலி.

"அய்யோ, ஒரு ஊரையே பெருக்கிட்டியேடி!" என்று அலறினாய்.

"ஊரா? நான் கொயம்பு புளில பொறுக்கிப் போட்டதுய்யா இது. எங்கண்ணனையும் இஸ்துகினு வா, சோறு ஆறுது."

அன்றுதான் சாப்பிடும்போது கேட்டேன். குடும்பத்துக்கு நாலரைப் பேர் என்று சராசரி போட்டால் எப்போதும் ஒரு அரை ஆள் மிஞ்சுகிறானே, அவன் எங்கே வசிக்கிறான் என்று. நீ தட்டிலிருந்து தலை நிமிராமல் என்னைக் காட்டினாய்.

"நீதான் மச்சான். துன்றது எங்க ஊடு, தூங்கறது நெமிலிச்சேரி ரூமு. எந்த ஊட்லயும் முழுசா எண்ண முடியாத பிரம்மச்சாரி."

கலா சிரித்த சிரிப்பில் பட்டாபிராம் வரை கூரை ஓடுகள் பறந்தன. அன்றிலிருந்து நான் அரை ஆள்.

ஆனால் என்னை உன் வீட்டுக் கணக்கில் நீ சேர்த்ததே இல்லை. அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தங்குகிறவர்தான் வீட்டு ஆள், விதி விதிதான் என்பாய். பதிவான பதில் பொய்யாக இருக்கக்கூடாது என்பதுதான் உன் மதம். மேற்பார்வையாளன் ஆனதும், நாங்கள் கேட்டுவிட்டு வந்த வீடுகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் மறுபடி தட்டுவாய். உன் மறுபார்வைக்குப் பயந்து நாங்கள் கனவில்கூட உண்மையே பேசினோம்.

இப்போது செய்திக்கு வருகிறேன். கழுத்தில் அட்டை, கையில் தொடுதிரை டேப் என்று ஒரு பெண் வந்தாள். சாக்பீஸ் வேண்டாம், கொட்டை வேண்டாம். அவள் விரல் பட்டால் கட்டம் தானே நிரம்பி, மாலைக்குள் வரைபடமாகிவிடுமாம். பொறாமையில் நான் பாதியாகக் கரைந்தேன்.

"வீட்ல எத்தனை பேர்மா இருக்கீங்க?"

கலா என் பக்கம் திரும்பினாள். ரேஷன் கடையில், கேஸ்காரரிடம், ஏன், கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த உன் மகளிடம்கூட, நீ போனதிலிருந்து அவள் "நான் ஒருத்திதான்" என்று சொன்னதில்லை. பேச்சை மாற்றிவிடுவாள். நம் காலமாக இருந்தால், ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு இன்னொரு நாள் வந்திருப்போம். எண்ணைப் போடாமல் அந்த டேப் அடுத்த கேள்விக்கு நகராதாம்.

"ரெண்டு" என்றாள் கலா.

"ரெண்டாவது ஆள் யாரும்மா?"

உன் தட்டில் ரசத்தோடு போராடிக்கொண்டிருந்த என்னைக் காட்டினாள். "எங்கண்ணன். இதோ துன்னுகினு கீறாரு பாரு."

"சார், நீங்க தங்கறதும் இங்கதானா?"

கலாவின் கண்களை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டேன்.

"இங்கதாம்மா."

விரல் விழுந்தது. அடுத்த கேள்வி வந்தது.

அந்தப் பெண் போனதும் கலா மெதுவாகச் சொன்னாள். "பொய்க் கணக்குண்ணா. அவரு இருந்தா பேனாவால அடிச்சுப் போட்டிருப்பாரு."

"இன்னாடி பொய்யி?"

"உன் நெமிலிச்சேரி ரூமு?"

"ரூமா? எந்த ரூமு?"

அன்று மாலையே காலி செய்துவிட்டேன், மாப்ளே. பட்டத்து யானை கிடைக்காததால் குட்டி யானை வண்டியில் என் பெட்டியும் டேபிள் ஃபேனும் ஒற்றைக்கால் நாற்காலியும் பவனி வந்தன. திருநின்றவூர் வரை மக்கள் வெள்ளம். சரி, ஒரு நாய் பின்னாலேயே வந்தது. பதிவான பதில் பொய்யாக இருக்கக்கூடாது என்றாயே, அதனால் என்னைத் திருத்திக்கொண்டேன். தப்பா?

முன்னறையில்தான் படுக்கிறேன். என் குறட்டைக்கு ரயில் நின்றுவிட்டுப் போகிறது என்று கலா திட்டுகிறாள். திட்டிக்கொண்டே சோறு போடுகிறாள். நேற்று பரணில் போர்வை தேடியபோது பழைய டப்பா ஒன்று கையில் தட்டுப்பட்டது. உள்ளே புளியங்கொட்டைகள். அன்று ஊரையே பெருக்கித் தள்ளியவள், ஏன் மாப்ளே இதை எடுத்து வைத்தாள்? உன்னிடம் சொல்லியிருந்தாளா?

மறுபார்வைக்கு எப்போது வேண்டுமானாலும் வா. சொல்லாமலே வா, உன் வழக்கம் அதுதானே. கதவைத் தட்டு. கலா "ரெண்டு" என்பாள். நான் இருக்கும்வரை அது உண்மையாக இருக்கும்.

நெமிலிச்சேரியின் முன்னாள் அரை ஆள்,
சேக்காட்டு வீட்டின் முழு ஆள்,
உன் மச்சான்