வண்டிக்குத் தாடி இருக்கிறதா?

அன்புள்ளவருக்கு,

அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் காரும் உங்கள் அப்பாவும் சேர்ந்து என்னைப் படுத்தும் பாட்டில் பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, கூலன்ட் பாத்தியா" என்பீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

மாமாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரப் பயணம், காலை எட்டு மணிக்கு மெஷினில் இருந்தாக வேண்டும். ஊருக்குள் சமர்த்தாக ஓடும் கார், நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் வேகமாகப் போனதும் சூடு காட்டும் முள்ளை மேலே ஏற்றிவிடும். நீங்கள் சொன்ன வைத்தியமெல்லாம் செய்தாயிற்று. தண்ணீர் பம்பு மாற்றினோம், தெர்மோஸ்டாட் மாற்றினோம், ரேடியேட்டர் மூடி மாற்றினோம். இன்னும் மாற்றாதது ஓட்டுகிறவளை மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஒரு மகா யோசனை சொன்னீர்களே, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டு, இன்ஜின் சூடு உள்ளே வந்துவிடும் என்று! அதையும் செய்தேன். மதிய வெயிலில் திரும்பி வரும்போது மாமா சட்டைப் பொத்தானையெல்லாம் கழற்றிவிட்டு, "நம்மள அவிச்சு எடுக்கச் சொல்லிட்டானா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை முள் சிவப்பைத் தொட்டு, முன்பக்கம் ஆவி கிளம்பி, வண்டி நின்றே விட்டது. லாரிகள் பறக்கும் சாலையோரத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மாமாவுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கியது. வாடகை வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தால், மெஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மாலை வரை காத்திருந்தோம். இப்படித் தள்ளிப்போனால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் என்னைப் பிடித்துத் திட்டினார். உங்களைத் திட்ட நீங்கள் அங்கே இல்லையே.

காரைக் கட்டி இழுத்து, ரேடியேட்டர் கடை அக்காவிடம் விட்டேன். மறுநாள் போன் செய்து, எடுத்த எடுப்பில் "தாடி இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். உங்களைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, "இல்லக்கா, அவரு தினமும் ஷேவ் பண்ணிடுவாரு" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் பேச்சே வரவில்லை. முன் பம்பருக்கு அடியில் தொங்கும் கறுப்புப் பட்டைக்கு அவர் கடையில் தாடி என்றுதான் பெயராம்.

வாசல் சரிவில் உரசுகிறது என்று, லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முன் கழற்றிப் பரணில் போட்டீர்களே, அதேதான். "சும்மா அழகுக்கு வெச்சிருக்கான்" என்று எனக்கு விளக்கம் வேறு. அக்கா சொன்னதைக் கேளுங்கள். வேகமாகப் போகும்போது எதிரே வரும் காற்று வண்டிக்கு அடியில் நழுவி ஓடப் பார்க்குமாம். பட்டை அதை மறித்தால்தான் ரேடியேட்டர் வழியாகப் போகும். இன்ஜினைச் சுற்றியிருக்கும் சூட்டுக் காற்றையும் கீழே இழுத்து வெளியேற்றும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது ஃபேனே சமாளித்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராதாம். இரண்டு மாத அலைச்சலுக்கும் காரணம் நீங்கள் கழற்றிய ஆறு திருகாணி!

பட்டையை மாட்டியாயிற்று. சரிவில் வண்டியைக் குறுக்காக ஏற்றுகிறேன், உரசினால் உரசட்டும். சனிக்கிழமை போகவர முள் நடுவை விட்டு நகரவில்லை.

திரும்பும் வழியில் மாமா அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். "சரியாயிடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "வண்டியச் சாக்குச் சொல்லி இந்த டயாலிசிஸ நிறுத்திடலாம்னு பாத்தேம்மா" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அவன் வந்து ஒரு தடவ பாத்துட்டான்னா போதும். அப்புறம் என்ன விட்ருங்க" என்றார். நடுச்சாலையில் மாமனார் என்றும் பாராமல் கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ரோட்டப் பாத்து ஓட்டும்மா என்று மட்டும் சொன்னார்.

போனைக் கொடுத்தால் நீங்கள் இருவரும் டயரில் காற்று இருக்கிறதா என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். மருமகள் சொல்வதை அவர் மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார். எத்தனை நாள் வேண்டுமானாலும் நான் ஓட்டுகிறேன், அதில் எனக்குச் சலிப்பில்லை. ஆனால் அவர் எதிரே உட்கார்ந்து, "இருங்கப்பா" என்று சொல்ல மகனால்தான் முடியும். லீவு கேளுங்கள். தரமாட்டேன் என்றால் கேட்காமல் வாருங்கள்.

கோபம் தணியாத,
உங்கள் மனைவி