தேனில் குழைத்த மாத்திரை

ஐப்பசி 14, வியாழன் இரவு

நேற்று மாமாவுக்கும் அத்தைக்கும் புது ரத்தக்கொதிப்பு மாத்திரை தரும்போதே நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னார்: "உடைக்காம முழுங்கோணுமுங்க. பொடி பண்ணுனா, நாள் பூரா மெல்ல ஏற வேண்டிய மருந்து ஒரேயடியா ஒடம்புல ஏறிரும்."

மாமாவுக்குக் காலையில், அத்தைக்கு ராத்திரியில்.

காலையில் அத்தை மாமாவின் மாத்திரையைக் கல்லில் வைத்து அரைத்தாள். தடுத்தேன். "தேனுல கொழைக்காத மருந்து ஒடம்புல ஒட்டுமா? எனக்கே சொல்லித் தர வந்துட்டா, மலையேறி வந்த கீழ்நாட்டுக்காரி!" என்று மலைத்தேனில் குழைத்து அவர் நாக்கில் தடவினாள்.

மதியத்துக்குள் மாமா மிளகுக் கொடியடியில் சுருண்டு விழுந்தார். ஜீப்பில் ஏற்றும்போது அத்தை ஊரார் முன்னால் அழுதாள்: "இவ மாத்திரைய மாத்திக் குடுத்துட்டாளுங்க!" என் புருஷன் எல்லார் எதிரிலும் என்னை அறைந்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனான்.

மாமாவுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லையாம். வீட்டில் நானும் அத்தையும்தான்.

"எனக்குக் கை நடுங்குது, என் மாத்திரைய நீயே அரைச்சுக் கொண்டா. நல்லா நைசா அரைக்கோணும்" என்றாள்.

நைசாகவே அரைத்தேன். தேனும் விட்டுக் குழைத்தாயிற்று. கன்னம் எரிகிறது. கிண்ணம் பக்கத்தில் இருக்கிறது. உள்ளேயிருந்து மறுபடி கூப்பிடுகிறாள்.