கெல்ப்றூக்குக்கு வந்த மருந்து

ஜனவரி 16, வெள்ளி

காலையில் இவர் ட்றக்கோடு மேற்கே சஸ்கச்சுவான் மாகாணத்துக்கு வெளிக்கிட்டார். பதினெட்டு வருடமாக இதே ஓட்டம்தான், ஆனாலும் கைகாட்டிவிட்டு உள்ளே வந்தால் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. சாப்பாடு, கம்பளி, இன்சுலின் எல்லாம் நான்தான் அடுக்கினேன். கையிருப்பு மருந்தை, இவர் இருந்து ஓட்டும் கபினுக்குள் வைக்க விடவில்லை. ஹீட்டர் சூட்டில் பழுதாகிவிடும் என்று, பக்கத்தில் நின்று வெளிப்பெட்டியில் வைப்பித்தேன். பன்னிரண்டு வருடச் சீனி வருத்தக்காரர். இவரை நம்பி ஒன்றையும் விட முடியாது.

ஜனவரி 19, திங்கள்

அங்கே பனிப்புயல். நெடுஞ்சாலையைப் பொலிஸ் மூடிவிட்டது. இவர் கெல்ப்றூக் என்ற ஊரில் நிற்கிறார். ஊர் என்றால் தொண்ணூறு பேர். எங்கள் வெக்ஸ்போர்ட் கட்டடத்தில் இரண்டு மாடியில் அவ்வளவு பேர் இருப்போம். ஒரு தானியக் களஞ்சியம், ஒரு தண்டவாளம், ஒரு தபால் கந்தோர். பாதை மூடினால், அகப்பட்ட ட்றைவர்மாரை வீட்டுக்கு ஒருவராகக் கூட்டிப்போவது அங்கே வழக்கமாம். இவரைக் கூட்டிப்போனது தபால் கந்தோரில் வேலைசெய்யும் மார்லீன் என்ற மனுசி. இரவுக்கு அவித்த உருளைக்கிழங்கு. நான் கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூளை எடுத்துத் தூவினாராம், மார்லீனும் கேட்டு வாங்கித் தூவி இருமினாராம். நன்றாகச் சிரித்தோம்.

ஜனவரி 20, செவ்வாய்

நான்தான். நானேதான் செய்தன்.

கையில் இருந்த இன்சுலின் நேற்றிரவோடு முடிந்ததாம். வெளிப்பெட்டியைத் திறந்தால் மிச்சம் எல்லாம் கட்டியாக உறைந்து கிடக்கிறது. உறைந்த இன்சுலினை உருக்கினாலும் உதவாது. எங்கள் ஊரில் மருந்து பழுதாவதென்றால் சூட்டில்தான். குளிரிலும் பழுதாகும் எண்டு ஏன் எனக்கு ஓடேல்லை? முப்பது வருசம் இந்தக் குளிருக்குள்ள இருந்து என்னத்தைக் கண்டன்?

மருந்துக்கடை அறுபது கிலோமீற்றர் தள்ளி. அம்புலன்ஸ் வர வழியில்லை, ஹெலியும் பறக்காதாம். பின்னேரம் சீனி இருபத்தாறு, பத்துக்குள் நிற்க வேண்டியது. "பயப்பிடாதையும், தண்ணி குடிச்சுக்கொண்டு படுத்திருக்கிறன்" என்கிறார். குரல் சரியில்லை.

அஜக்ஸிலிருந்து இவருடைய தங்கை ராஜி போன் எடுத்தாள். "மருந்தை ஆர் அண்ணி அடுக்கினது?" என்று கேட்டாள். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

மருந்து போட்டாச்சு! அங்கத்தைய நேரம் ஒன்றரைக்கு.

தண்டவாளத்தால் வந்திருக்கிறது. அந்தக் கிளை ரயில் பாதையை முன்னொரு காலம் கம்பெனி மூடப் பார்த்தபோது சுற்றுவட்டாரத்துக் கோதுமைக் கமக்காரர்கள் சேர்ந்து வாங்கித் தாங்களே நடத்துகிறார்களாம். தண்டவாளத்தில் இறக்கி ஓட்ட, இரும்புச் சில்லும் பூட்டிய பிக்கப் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. மார்லீன் ஊர் ஊராகப் போன் அடித்திருக்கிறார். மருந்துக்கடை இருக்கும் ஊரில் டுவெயின் என்ற கமக்காரர் அகப்பட்டிருக்கிறார். தண்டவாளம் மேட்டில் போவதால் அநேகமான இடத்தில் பனியைக் காற்றே வாரிக்கொண்டு போய்விட்டதாம். பள்ளமான இடங்களில் டுவெயினும் தம்பியும் இறங்கி வெட்டி வெட்டி, நாலரை மணித்தியாலம். மருந்து டுவெயினின் சேர்ட்டுக்குள், உடம்போடு.

யாரென்றே தெரியாத ஒரு ட்றைவருக்காக. இரத்தினவேல் என்ற பெயரே அவர்கள் வாயில் நுழையாது. அழுதேன், பிறகு பசித்தது, நேற்றைய சோற்றைச் சாப்பிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் டுவெயின் பெயரில் அர்ச்சனை. ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, சுவாமி பெயரிலேயே செய்துவிட்டார்.

ஜனவரி 28, புதன்

வந்துவிட்டார். மெலிந்துபோனார். வெளிப்பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏசினாலாவது ஆறும். நானாகத் தொடங்கவும் வாய் வரவில்லை. ராஜி வந்து இரண்டு மணித்தியாலம் இருந்தாள், அவளும் கேட்கவில்லை. ஏன்?

பெப்ரவரி 10, செவ்வாய்

மார்லீனுக்கு நன்றிக் கடிதம். நாலு தரம் கிழித்து, ஐந்தாவதை அனுப்பினேன்.

மார்ச் 8, ஞாயிறு

கடிதம் கிடைத்ததென்று மார்லீன் போன் எடுத்தார். என் அரைகுறை இங்கிலிசை ஆறுதலாகக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டு, உன் மனுசன் இப்போதாவது நீ சொன்னபடி மருந்தை உள்ளே வைக்கிறாரா என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மனைவி பக்குவமாக கபினுக்குள் வைத்துவிட்டாளாம், இவர்தான் கெட்டித்தனம் காட்டி வழியில் வெளிப்பெட்டிக்கு மாற்றினாராம். நினைவு தடுமாறிப் படுத்திருந்தபோதும் இதையே சொன்னாராம். டுவெயின் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாராம்.

ராஜிக்கும் இவர் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மார்லீனிடம் உள்ளதைச் சொன்னேன். எனக்குத் தெரியவந்ததை இவரிடம் சொல்லவில்லை. மத்தியானம் விளைமீன் குழம்பு. மீன் தலையை எடுத்து இவர் சோற்றுக் கோப்பையில் வைத்தேன்.

"தலை உமக்கெல்லோ விருப்பம்?" என்றார்.

"நீங்கள் சாப்பிடுங்கோ" என்றேன்.