கரோலின் ஊற்றிய திரவம்

கோட்டைமேடு, கோவை
14 நவம்பர் 2025

அன்புள்ள கரோலின்,

பெங்களூர் நேர்காணலில் நான் சொல்லாமல் விட்டது உன் பெயர்.

ஆட்டுக் கண்ணிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் கீறல் போட்டால் ஆற நாளாகும். என் வளர்ப்புத் தட்டில் மட்டும் ஒரே இரவில் எப்படி ஆறியது என்று கேட்டார்கள். செல்கள் முந்தின நாள் ஊறிக் கிடந்த திரவத்தையே திரும்ப ஊற்றியதால் என்றேன். அது எப்படித் தோன்றியது என்றார் தேர்வுக் குழுத் தலைவர். எங்கள் ஊர்ச் சிக்கனம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நோன்பு திறக்க நான் வீட்டுக்கு ஓடிய மாலைகளில் என் தட்டுகளைப் பார்த்துக்கொண்டது நீ. புதுத் திரவம் தீர்ந்த அன்று பழையதை ஊற்றியது நீ. காலையில் கீறல் மூடியிருந்ததைக் கண்டு, தற்செயலோ என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததும் நீதான். சிரிப்பு அடங்கியபோது இதைச் சொல்ல இடம் இருந்தது. தண்ணீர் குடித்தேன்.

இன்று ஃபெல்லோஷிப் கிடைத்துவிட்டது. ஐந்து வருடம், பெங்களூரில், பழைய திரவம் எப்படி ஆற்றுகிறது என்ற அதே கேள்விக்காக. உன் முனைவர் பட்டத்துக்கு நீ வைத்திருந்த கேள்வி.

உண்மையை அவர்களுக்கு எழுதிவிடட்டுமா? நீ சொன்னால் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு சிரிப்பு பொம்மையோடு முடித்துவிடுவாய். அதனால்தான் மின்னஞ்சல்.

என்றும் உன்
யுஸ்ரா

மேட்டுப்பாளையம்
17 நவம்பர் 2025

யுஸ்ரா அம்மணிக்கு,

அண்ணன் ஜெஃபின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உனக்காகக் கறியைப் பாய் கடையில்தான் வாங்கினோம். நீ வரவில்லை.

உன் மின்னஞ்சலை மண்டபத்துச் சமையல்கட்டு ஓரமாக நின்று படித்தேன். நேர்காணலில் பயம் வரும், எனக்கும் வந்திருக்கும். ஆனால் எழுதட்டுமா என்று என்னைக் கேட்டாய் பார், அதுதான் தாங்கவில்லை. வேண்டாம்னு சொன்னா உனக்கு நிம்மதி. எழுதுன்னு சொன்னா நான் பொறாமக்காரி. ரெண்டையும் நான் சொல்லமாட்டேனுங்க, டாக்டரம்மா.

அடுத்த திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு வாரேன். உன் தட்டுகளை இனி நீயே பார்த்துக்கொள்.

கரோலின்

பெங்களூர்
3 மார்ச் 2026

அன்புள்ள கரோலின்,

கோவை ஆய்வகத்தில் கடைசி மாதங்களில் நாம் பேசிக்கொண்டதெல்லாம் இன்குபேட்டர் சாவியைப் பற்றி மட்டும். கிளம்பும்போதும் அதைத்தான் கொடுத்தேன்.

டிசம்பரில், உன்னைக் கேட்காமலே அவர்களுக்கு எழுதினேன். எழுதத் தாமதித்ததையும் மறைக்கவில்லை. ஃபெல்லோஷிப் இருக்கட்டும், அந்தக் கேள்வி உங்களுடையதல்ல, வேறு திட்டம் அனுப்புங்கள் என்றார்கள். ஒரு கடுஞ்சொல் இல்லை. இருந்திருந்தால் வாசிக்கச் சுலபமாக இருந்திருக்கும். எடுத்த கண்ணைக் குளிரில் வைத்தால் செல்கள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் இப்போது என் வேலை. சின்ன வேலை. ஐந்து வருடமும் இதுதான். பழைய கேள்வியை உன் பெயரில் பதிவு செய்துவிட்டதாக நம் வழிகாட்டி மேடம் சொன்னார்.

நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

இங்கே யாரையும் தட்டுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கவில்லை. நேற்று பாங்கு சொன்னபோது கையுறையோடு இருந்தேன். திரவம் மாற்றி முடித்துவிட்டு, வராந்தாவில் நின்று நோன்பு திறந்தேன்.

யுஸ்ரா